எனக்கு மட்டும் வந்த நிலநடுக்கம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், விடியற்காலை. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். பீரோ, ஜன்னல், சுவர் எல்லாம் சுழன்றன.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. ஆபத்து என்றால் யோசிக்காதே, எல்லாரையும் திறந்தவெளிக்குக் கொண்டுபோ என்று வருடம் முழுக்க வகுப்பெடுப்பவன். "நிலநடுக்கம்! எல்லாரும் வெளியே!" என்று கத்தி, சுவரைப் பிடித்தபடியே மனைவியைத் தெருவுக்கு விரட்டினேன். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினேன்.

மனைவி அண்ணாந்து கரண்ட் கம்பியைப் பார்த்தாள். "ஒயரு கூட ஆடல. இன்னாங்க, உங்களுக்கு மட்டும் தனியா பூமி ஆடுதா?"

"கனா கண்டுகினே எய்ந்து வந்துட்டீங்களா சார்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது.

அவர்கள் சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் பிடித்தது. தலை சுற்றுகிறவனை உயரத்தில் ஏற்றாதே என்பதுதான் என் உத்தியோகத்தின் முதல் விதி. கூரையை ஒட்டி ஓடும் கிரேன் பாதையில் ஏற முடியாத பாதுகாப்பு அதிகாரியை வைத்துக்கொண்டு ஆலை என்ன செய்யும்? படித்தவன் ஆயிற்றே, போனில் தேடினேன். அது பக்கவாதத்தில் தொடங்கி, மூளைக்கட்டி வரை கொண்டுபோய் விட்டது.

திருவள்ளூரில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா என் நடை, பேச்சு, கைகால் எல்லாம் சோதித்தார். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்தி, கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். அறை சுழன்றது. அவர் என் கண்களையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"காதுலதான் கோளாறு. மூளை நல்லாதான் இருக்கு."

"அத்த ஸ்கேன் எடுத்துக் காட்டினாதான் நம்புவேன் டாக்டர்" என்றாள் மனைவி.

உள்காதில் நுண்ணிய துகள்கள் இடம் மாறிப்போய் உருள்கின்றனவாம். என் தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, முகம் தரையைப் பார்க்கவைத்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்ப அவ்வளவுதான் வைத்தியம். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. மறுபடி படுத்துப் பார்க்கச் சொன்னார். பயந்துகொண்டே கண்ணைத் திறந்தேன். மின்விசிறி மட்டும்தான் சுற்றியது. கண்ணீர் வந்துவிட்டது. மனைவி பார்ப்பதற்குள் தும்முவதுபோல் சமாளித்தேன்.

"திரும்ப வரலாம். வந்தா இதே வைத்தியம்தான். அடுத்த தடவை நான் பாக்கிற வரைக்கும் மேல ஏறாதீங்க" என்றார். அடுத்த தடவை போனபோது சோதித்துவிட்டு, இனி ஏறலாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் யாராவது "தலை சுத்துது சார்" என்றால் உடனே கீழே இறக்கிவிடுகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வேலை போய்விடுமோ என்று அந்த முகத்தில் தெரிகிற பயம் எனக்கு இப்போது அடையாளம் தெரிகிறது, அதனால் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.