ஏழாம் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு பணிமனையில் பத்தொன்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்து, ஒரு பேருந்தைக்கூட வழியில் நிற்க விடாத மாபெரும் குற்றத்தை ஒரு மனிதர் செய்துவந்தார். அவருக்குக் காது என்று பட்டப்பெயர். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்பார். "மூணு நாள்ல தண்ணி பம்பு போயிடும்" என்பார். இரண்டாம் நாளே அதை மாற்றியும் விடுவார். ஆகவே அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கும் பாக்கியம் யாருக்கும் கிட்டியதில்லை.

வண்டிக்கடியில் நின்று பழுது பார்க்கும் பக்கத்துக் குழியில் வேலை பார்த்தவருக்கு ஆம்புலன்ஸ் என்று பெயர். அவர் பார்த்துக்கொண்ட வண்டிகள் வாரத்துக்கு ஒன்றாவது எங்காவது படுத்துக்கொள்ளும். உடனே வேனில் பறப்பார். கொட்டும் மழையில் வண்டிக்கடியில் நுழைவார். தான் அரைகுறையாக முடுக்கியதைத் தானே முழுதாக முடுக்கிவிட்டு வெளியே வருவார். பயணிகள் கைதட்டுவார்கள், நிர்வாகம் பாராட்டுக் கடிதம் தரும். அப்படிப் பதினொரு கடிதங்கள் சேர்ந்திருந்தன.

இந்த நேரத்தில்தான் ஃபோர்மேன் பதவி காலியானது. ஐம்பது வயதுக்குள் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். காதுக்கு நாற்பத்தொன்பது முடிந்து பத்து மாதம். இதை விட்டால் ஓய்வு பெறும் வரை அதே குழி, அதே கிரீஸ்தான். விண்ணப்பத்தின் ஏழாம் கட்டம், ஆற்றிய சிறப்புப் பணிகளைச் சான்றுடன் எழுதச் சொன்னது.

"ஏழுல என்ன எழுதினீங்க?" என்று தையல் மெஷினிலிருந்து நிமிராமலே கேட்டார் மனைவி.

"ஒண்ணும் இல்லைன்னு."

"அதை எழுதவா அவ்வளவு பெரிய கட்டம் போட்டிருக்கான்?"

"வண்டி நின்னாத்தானே சரி பண்ண முடியும்? என் வண்டி நிக்காதே."

"ரொம்பப் பெருமைதான். அந்த ஆம்புலன்ஸ் அண்ணன் பொண்டாட்டி கடிதத்தையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கா. ஒரே ஒரு தடவை நிக்க விட்டாத்தான் என்ன, குடியா முழுகிடும்?"

மனைவி சொன்னது குத்தல். காது அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

நல்லது செய்வதில் இருந்த நிதானம் அவருக்குக் கெட்டது செய்வதிலும் இருந்தது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடுவதில்லை என்று முதலில் முடிவு செய்தார். ஃபேன் பெல்ட் மட்டும்தான். அது அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், டிரைவர் எஞ்சினை நிறுத்துவார், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. புதன்கிழமை தோறும் கிளை மேலாளர் ஏழு நாற்பது வண்டியில்தான் தலைமை அலுவலகம் போவார். மறுநாள் நேர்முகத் தேர்வு நடத்த உட்காரப்போகிறவரும் அவரே. கழித்துக் கட்டிய சாமான் குவியலில், கழிவு என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பெயிண்ட் கோடு போட்ட பெல்ட்டுகளை வளைத்தும் முறுக்கியும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் பொறுப்பிலிருந்த அந்த வண்டியில் மாட்டினார். அவர் கணக்கில் அது பதினாலாவது கிலோமீட்டரில் அறுந்துவிட வேண்டும். அங்கே டீக்கடை, நிழல், அகலமான சாலை எல்லாம் உண்டு. தற்செயலாகப் பைக்கில் வரும் காது, பையில் தற்செயலாக இருக்கும் புது பெல்ட்டை ஒன்பது நிமிடத்தில் மாட்டுவார். கடிதம் வரும்.

புதன்கிழமை வண்டி கிளம்பியது. ஐம்பதடி விட்டுப் பின்னாலேயே போனார். பத்தாவது கிலோமீட்டரில் பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது. பதினாலாவது வந்தது. டீக்கடை வந்தது, அதன் பெஞ்சு வந்தது, எல்லாம் கடந்தும் போயின. பெல்ட் அறுந்தபாடில்லை.

அடுத்து வருவது ரயில்வே கேட் என்பது அப்போதுதான் உறைத்தது. கேட் திறந்திருந்தது. டிரைவருக்குத் தான் படித்துப் படித்துச் சொன்ன பாடமும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது: "சிவப்பு லைட் எரிஞ்சா ஒரு அடி நகரக் கூடாது. அந்த இடத்துலயே ஆஃப் பண்ணு. எஞ்சின் போச்சுன்னா உங்கப்பனா வாங்கித் தருவான்?" டிரைவரோ, சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. தண்டவாளத்தின் மேல் எரிந்தால் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்துவார். உள்ளே ஐம்பத்திரண்டு பேர்.

காது பைக்கை முறுக்கி டிரைவரின் ஜன்னல் ஓரமாகப் போய்க் கையை ஆட்டினார். டிரைவர் மலர்ந்த முகத்தோடு பதிலுக்குக் கையை ஆட்டி, மரியாதைக்கு ஒரு ஹாரனும் அடித்தார். வேறு வழியில்லை. முன்னால் பாய்ந்து பைக்கைச் சாலைக்குக் குறுக்கே போட்டார். பிரேக் அலற, பேருந்து பன்னிரண்டடி தள்ளி நின்றது.

"என்னண்ணே, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?"

"ஆஃப் பண்ணு மொதல்ல."

"சொந்த வண்டியில வந்து பஸ்ஸ நிறுத்துறாரே, ஏறவா போறாரு?" என்றது ஒரு ஜன்னல். உள்ளே சிரிப்பு.

திறந்து பார்த்தால், பெல்ட் இரண்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. புதியதை ஏழே நிமிடத்தில் மாட்டினார். மேலாளர் இறங்கி வந்தார்.

"பின்னாடி வந்துக்கிட்டே சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சீங்களா?"

யாரோ கைதட்ட, பேருந்தே தட்டியது. மேலாளர் நெகிழ்ந்துபோய்ப் பேனாவையும் தாளையும் எடுத்தார். "இதுக்கு இப்பவே எழுதித் தர்றேன். நாளைக்குக் கோப்புல இருக்கணும். அந்தப் பெல்ட்டையும் குடுங்க, சான்றா வச்சுக்கலாம்."

பெல்ட் காதின் கையில் இருந்தது. மஞ்சள் கோட்டின் மேல் கட்டைவிரல் இருந்தது. அப்போது கேட் மூடியது. சரக்கு ரயில் ஒன்று வந்தது. பெட்டி, பெட்டி, இன்னும் ஒரு பெட்டி. அது தீரும் வரை பேச முடியாது. மேலாளர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. காது தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயில் போனதும் விரலை எடுத்தார்.

"இது கழிச்சுப் போட்டதாச்சே?"

"ஆமாங்க சார். நான்தான் எடுத்து மாட்டினேன்."

"எதுக்கு?"

"ஏழாம் கட்டத்துக்குங்க."

மேலாளர் பேனாவை மூடவில்லை. அதே தாளில் அதே மையில், பாராட்டுக் கடிதம் விளக்கம் கேட்கும் குறிப்பாணையாக முடிந்தது. மாலைக்குள் பதில் தர வேண்டும். காது நடந்ததையெல்லாம் எழுதினார். கையெழுத்துப் போடும்போது ரோஷம் தாங்காமல், 'என் பொறுப்பிலுள்ள எந்த வண்டியும் பத்தொன்பது ஆண்டுகளில் வழியில் நின்றதில்லை. இதுவும் என்னால்தான் நின்றது' என்று ஒரு வரி சேர்த்தார்.

தேர்வு மேசையில் ஆம்புலன்ஸின் கோப்பு தலையணை போல இருந்தது. காதின் கோப்பில் விண்ணப்பத்தைத் தவிர அந்தக் குற்ற விளக்கம் மட்டுமே. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் அம்மா கடைசி வரியில் நின்றார்.

"ஒண்ணுகூடவா நிக்கல? பழுதுப் பதிவேட்டைக் கொண்டாங்க."

பதிவேடு வந்தது. அந்த அம்மா ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆம்புலன்ஸின் வண்டிகள் வாரம் தவறாமல் தரிசனம் தந்தன. அந்தப் புதன்கிழமையைத் தவிர, காதின் வண்டி ஒன்றுகூட அகப்படவில்லை.

"அம்பத்திரண்டு பேரை வச்சு வெளையாடியிருக்கீங்க. கேட்டுக்கு முன்னாடி நிறுத்த முடியலைன்னா?"

"தெரியலங்கம்மா" என்றார் காது.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. அதைப் பிரிக்கத் தைரியமில்லாமல் மனைவியிடம் நீட்டினார். அவர் கத்தரிக்கோலால் உறையை வெட்டி, இரண்டு முறை படித்தார்.

"ஃபோர்மேனா உங்களத்தான் எடுத்திருக்காங்க. ஆனா செஞ்ச தப்புக்குத் தண்டனையா ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருக்காங்க. அதுவரைக்கும் பொறுப்பு ஃபோர்மேன்..." என்று இழுத்தார்.

"யாரு?"

"ஆம்புலன்ஸ் அண்ணன். அடுத்த ஆள் அவர் ஒருத்தர்தானாம். அவரோட வண்டியும் இனி உங்க பொறுப்பாம்."

காது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த ஒரு வருஷத்துல ஒரு வண்டி நின்னாலும் இவன் மறுபடி வேலையைக் காட்டிட்டான்னுதானே சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க. அதனால ஒண்ணும் நிக்கக் கூடாது."

"அவன் வண்டிகூடவா?"

"அவர் வண்டிதான் முக்கியமா. உக்காந்திருக்காம கிளம்புங்க."