முகப்பில் இருந்த மலை

பதினோரு வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். துறைத்தலைவர்கள் அறிவிப்பைக் கடைசி நாள் சாயங்காலம் கோணலாகப் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன். தேர்வு முடிவு வரும் நாளில் தளம் படுத்துக்கொள்ளும், திட்டு எனக்கு விழும். ஆனாலும் அது என்னுடையது.

போன வருஷம் கணியம்பாடியிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். மூன்றே மாதத்தில் தளத்தை அடியோடு மாற்றிவிட்டாள். "இப்பதாம்மா பாக்கற மாதிரி இருக்குது" என்று பதிவாளர் என் எதிரிலேயே அவளிடம் சொன்னார். எனக்கு வந்தது பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க மாட்டேன். என்னுடையதில் ஒன்றை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். புதூர்நாட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் எடுத்த மலைப் படம். முகப்பில் இருந்தது. தினமும் நாலு தடவையாவது திறந்து பார்த்துக்கொள்வேன்.

அவளை மடக்க என்னிடம் இருந்தது எங்கள் ஊர்தான். அங்கே சிக்னல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் ஜிகினா வேலை அங்கே எடுபடாது என்று நினைத்தேன். என் தளத்துக்கு அங்கே இருந்த மரியாதையே வேறு. அதில் வரும் அறிவிப்புகளை ஒரு டீச்சர் கைப்பட எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவார். ஊருக்குப் போனால் அந்தத் தாளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். லீவில் ஆபீஸ் பக்கத்தைத் திறக்க மாட்டேன் என்பது என் வைராக்கியம்.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் எங்கள் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். மறுநாள் கடைசித் தேதி. அவள் கையில் விரிசல் விட்ட பழைய போன். தளம் திறக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் படிப்பே அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டேன்.

திறந்துவிட்டது. படிவம் சட்டென்று வந்தது. மேலே என் மலை மட்டும் கடைசியில் மெதுவாக வந்து சேர்ந்தது. காபி ஆறுவதற்குள் விண்ணப்பம் போய்விட்டது.

"பரவால்லியே" என்றேன்.

"உன் ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணு போன மாசம் இங்கியே வந்துச்சே" என்றாள் அண்ணி. "ஜீப் நிக்கற எடத்துல குந்திகினு, எல்லார் போனையும் வாங்கி வாங்கிப் பாத்துச்சு. உன்னாண்ட சொல்லலியா?"

அவள் இரண்டு நாள் லீவு போட்டது ஞாபகம் வந்தது. என் ஊருக்கு, என்னிடம் சொல்லாமல்.

"ரேஷன் கடைச் சுவத்துல இப்ப தாளு ஒண்ணும் காணோமே" என்று பேச்சை மாற்றினேன்.

"அது இன்னாத்துக்கு இப்ப?" என்றாள் அண்ணன் மகள். "உங்க பழைய பக்கம் இங்க தொறக்கவே தொறக்காது அத்தை. அதான் டீச்சர் திருப்பத்தூர் போய் அங்க தொறந்து பாத்து எழுதியாந்து ஒட்டுவாங்க."

பதினோரு வருஷம் நான் நின்று பார்த்த தாள்.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்காருவதற்குள் கணியம்பாடிக்காரி கேட்டாள்: "ஊர்ல நல்லா தொறக்குதாக்கா?"

நல்லாத் திறக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரொம்ப லேட்டாவுது" என்றேன்.

அவள் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தளத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"மத்ததெல்லாம் கொறைச்சிட்டேன்க்கா. அந்த மலைப் படம் ஒண்ணுதான் கனம். சின்னதாக்கினா மங்கிப் போவுது. நீங்க எடுத்ததாச்சேன்னு வெச்சிருந்தேன்" என்று தயங்கினாள். "எடுத்துடட்டுங்களா?"

"எடுத்துடு" என்றேன்.