பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப் போன நாள்

எனக்கு வாரண்ட் வந்து கிடந்த பொலிஸ் ஸ்டேஷனுக்கு, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, நானே நடந்து போனேன். போதாததற்கு, உள்ளே விட்ட கான்ஸ்டபிளுக்கு நன்றி வேறு சொன்னேன்.

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிந்திய காலம். கட்டாரில் லொறி ஓட்டும் வேலை சரிவந்திருந்தது. புதன்கிழமைக்குள், மேலே வழக்கொன்றும் இல்லை என்ற பொலிஸ் ரிப்போர்ட்டோடு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

நானும் மனைவியும் பிரிந்து சில வருடமாகியிருந்தது. மகளுக்காகக் கோர்ட் விதித்த தாபரிப்புக் காசைத் நான் வேலை செய்த தேயிலைத் தோட்டத்து ஆபீசிலேயே என் சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுவார்கள். தோட்டத்தில் சம்பளம், மாவு, லயத்து வீடு எல்லாமே செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருக்கும் பேரை வைத்துத்தான். அந்தப் பேரை வெட்டிவிட்டு வெளியே லொறி ஓட்டப் போனால் தாபரிப்பும் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"அப்ப கோட்டுக் காசு?" என்று பேரை வெட்டப் போன அன்று கேட்டார் ஆபீஸ் கிளாக்கர்.

"பேரே இல்லீங்கய்யா, எதுல புடிப்பீங்க?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நான் ஒரு சதமும் கட்டவில்லை.

ஸ்டேஷனில் சார்ஜன்ட் பெரிய புத்தகமொன்றைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"படத்துல மீச இல்லீங்க மாத்தயா, அதான் வித்தியாசமா..."

"மீச சரி. ஒனக்கு வாரண்ட் இருக்கு. அந்த வாங்குல உக்காரு."

மறுநாள் ஹட்டன் கோர்ட். ஏன் கட்டவில்லை என்று நீதவான் கேட்டார். செக்ரோல் விளக்கத்தை அப்படியே சொன்னேன். கூண்டில் நின்று சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று என் காதுக்கே கேட்டது. அதைச் சிங்களத்தில் சொல்ல மொழிபெயர்ப்பாளரே கொஞ்சம் கூசினார். பாக்கி முழுவதும் கட்டி முடியும்வரை பாஸ்போர்ட் கிடையாது, நாட்டை விட்டுப் போகவும் முடியாது என்று உத்தரவானது.

ஏஜென்ட்டிடம் கட்டிய முற்பணத்தை என் அண்ணன் மன்றாடித் திருப்பி வாங்கிவந்தார். அதில் பாதிப் பாக்கிதான் தீர்ந்தது. மீதிக்குத் தவணை கொடுத்து என்னை வெளியே விட்டார்கள். புதன்கிழமைக்குள் மீதியைக் கட்ட வழியில்லை; கட்டார் வேலை போனது போனதுதான்.

அன்றைய கொழுந்து பறிக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்த மனைவி கோர்ட் படியில் நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"ஒன்னாலதான் என் பயணம் கெட்டுச்சு" என்றேன்.

அவள் குடையை விரித்தாள்.

"ஒங்கள யாரு போக வேணாம்னா? புள்ளைக்குக் கட்டிட்டு எங்கிட்டாவது போய்த் தொலைங்க."