கம்பளைக்கு மேலே, காட்டுக் கந்தோர் வேலையாக

வைகாசி மாதம் இரண்டாம் கிழமை, காட்டுக் கந்தோர் வேலையாகக் கம்பளைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்துக்குப் போய் வந்தேன். காடுகளைப் பார்த்துக்கொள்ளவென்று அரசாங்கம் திறந்திருக்கும் கந்தோரை எங்கள் மஹய்யாவப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் எனக்கு விளம்பரம் படிக்கும் வேலை. சட்டம் இங்கிலீஷில் வரும். அதை நான் தமிழாக்கி, இடம் இடமாகப் போய்ச் சனங்களைக் கூட்டி வாசித்து, விளங்கிற்றா என்று கேட்டுவிட்டு வரவேண்டும். இதே வேலைக்கு மனுப் போட்டிருக்கும் தம்பிமார் சிலர் வழியையும் செலவையும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உற்சாகமூட்டும்படி எழுத வரவில்லை, மன்னிக்கவேண்டும்.

அப்பா கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் எழுத்து வேலை பார்த்தார். கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூட, ஸ்டோரும் மூடிவிட்டது. இப்போது வீட்டில் ஐந்து பேரும் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறோம். எனக்கோ இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, என்னைப் பரீட்சை பார்க்கும் காலம். போன இரண்டு பயணத்திலும் நான் வாசித்ததைக் கேட்க வந்தது ஒரு கடைக்காரரும் அவருடைய ஆடுகளும்தான். "இந்த முறையும் கூட்டம் இல்லாவிட்டால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று கந்தோர்ப் பெரிய துரை சொல்லிவிட்டார். அதனால் இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டம்.

கண்டியில் காலை ஏழு மணி ரயில். பேராதனையில் இறங்கி வண்டி மாறவேண்டும், தூங்கிவிடாதீர்கள். கம்பளை போய்ச் சேர ஒன்பதாகிவிடும். மூன்றாம் வகுப்புக்கு முப்பது சதம் கொடுத்தேன். முன்பெல்லாம் இந்தப் பாதையில் கோப்பி மூட்டை ஏற்றிய பெட்டிகள் முழங்கிக்கொண்டு போகும். அன்று எதிரே வந்த வண்டியில் பாதிப் பெட்டிகள் வெறுமையாக இருந்தன. கம்பளைச் சந்தையில் மட்டும் விறகு மலிந்து கிடந்தது. மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து பாண் ரொட்டி சுடும் கடைகளுக்குப் பெண்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் என் பைக்குள் இருந்த விளம்பரத்தை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

சந்தையிலிருந்து ஐந்து மைல் ஒற்றை மாட்டுக் கரத்தையில் போகலாம். கரத்தைக்காரர் ஒரு சோனகர், நல்ல மனுஷர், வழியெல்லாம் வெற்றிலை கொடுத்தார்.

"எங்க தம்பி போற?" என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க என்னத்துக்கு? அங்க ஒண்டும் இல்லியே. தோட்டத்துத் தொர போய் ஆறு மாசமாகுது."

"சனங்கள் இருக்கிறார்கள்தானே?"

"சனம் ஈக்கிறாங்க. அவங்களுக்கும் போக வேற எடமில்ல."

கரத்தை போகாத இடத்திலிருந்து நாலு மைல் ஏற்றம். சப்பாத்து வேண்டாம், வழுக்கும். உப்பும் தேசிக்காயும் கட்டாயம் கையிலிருக்கட்டும், அட்டை கடித்த காலோடு யாரும் சட்டம் வாசிக்க முடியாது. இருபுறமும் கோப்பிச் செடிகள் நிரை நிரையாக நின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடி விரலில் ஒட்டிக்கொள்கிறது. பல செடிகளில் திருப்பிப் பார்க்க இலையே இல்லை. ஒரு காலத்தில் மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்துத்தான் இதையெல்லாம் நட்டார்கள். அப்போது காட்டுக்கு ஒரு கந்தோர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது உச்சியில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காட்டுக்காக, விறகு பொறுக்குகிறவனை மறிக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடேயே ஏறினேன்.

பொழுது சாயும் நேரத்தில் மழையோடு போய்ச் சேர்ந்தேன். வேலையாட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போகாமல் கீழே இருந்த வெறும் ஸ்டோரில் ஒதுங்கினேன். அங்கே காவலுக்கு முத்தன் என்றொருவர் இருந்தார். தோட்டத்தில் தப்பு என்ற பறையை அடிப்பவரும் அவர்தான். கஞ்சி தந்தார், சாக்கு விரித்துத் தந்தார். தங்க இடம் தேடுகிறவர்கள் இதைவிட நல்லதை எதிர்பார்க்க வேண்டாம்.

விடிந்ததும் முத்தனிடம், சனங்களைக் கூட்டவேண்டும், தப்பு அடியுங்கள் என்றேன்.

"எந்த அடிங்க?" என்றார் முத்தன். "சாமிக்கு ஒண்ணு இருக்கு, சாவுக்கு ஒண்ணு இருக்கு, பெரட்டுக்கு ஒண்ணு இருக்கு."

பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வேலையாட்கள் எல்லாரும் வந்து வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்ளும் இடம் அது.

"எதற்கு எல்லாரும் வருவார்கள்?"

"பெரட்டுக்குத்தாங்க. அடிச்சா ஒருத்தர் மிச்சமில்லாம வருவாங்க. ஆனா..."

"ஆனால் என்ன?"

அவர் தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றினார். "அடிச்சு ஆறு மாசமாச்சுங்க. நீங்க கவர்மெண்டு ஆளு. சொன்னீங்கன்னா அடிக்கிறேன்."

அடியுங்கள் என்றேன். எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது.

முதல் அடி விழுந்ததும் மேல் லயத்தில் கதவுகள் படபடவென்று திறந்தன. ஒரு பெண் கூவினாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் இறங்கி வரத் தொடங்கினார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஆண்கள் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் எடுத்து வந்தார்கள். பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக் கம்பளியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஈரத் தலையை முடிந்துகொண்டே ஓடிவந்தாள் ஒருத்தி, இடுப்பில் பிள்ளை. கங்காணி கோட்டுப் போட்டு, தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே இறங்கினார். யாரும் சொல்லாமலே ஆள் ஆளாக வரிசை கட்டி நின்றார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும்.

கங்காணி என் முன்னால் வந்து குனிந்தார். "வாங்கய்யா. தேயிலை போடப்போறோம், தப்பு அடிச்சுக் கூப்புடுறோம்னு தொரை சொல்லிட்டுப் போனாருங்க. வேற எங்கயும் போகாம அந்தப் பேச்ச நம்பித்தான் இருந்தோம்."

இடுப்பில் பிள்ளையோடு முதல் வரிசையில் நின்றவள் கேட்டாள்: "இன்னைக்கு எந்த மலைக்குங்கய்யா?"

நான் தேயிலைக்காரன் இல்லை, காட்டுக் கந்தோர் ஆள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கையிலிருந்த தாளைப் பிரித்து வாசித்தேன். நானே மினக்கெட்டுத் தமிழாக்கி, துரையிடம் நல்ல பெயர் வாங்கிய வாசகம் அது. அரசாங்கக் காட்டில் மரம் வெட்டலாகாது, விறகு எடுக்கலாகாது, கிழங்கு தோண்டலாகாது. அனுமதிச் சீட்டு வேண்டுவோர் கண்டிக்கு வந்து மனுப் பண்ணலாம். மீறுவோர் தண்டிக்கப்படுவர். கடைசி வரிக்கு வரும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"விளங்கிற்றா?" என்று கேட்டேன். கேட்கவேண்டியது என் கடமை.

"அப்ப வேலை இல்லீங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லை."

"வெறகும் எடுக்கக்கூடாதுங்களா?"

"கூடாது."

என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் நின்றபடியே நின்றார்கள். பெரட்டில் நின்றவர்களை யாராவது போகச் சொன்னால்தான் போவார்கள், அதுதான் பழக்கம். எனக்கு அது தெரியவில்லை. நான் அவர்களைப் பார்த்துக்கொண்டும் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டும் நின்றோம். கடைசியில் கங்காணி திரும்பி, "கலைஞ்சு போங்கப்பா" என்றார். என்னிடம் தாழ்ந்த குரலில், "இதுக்குச் சாவுத் தப்பையே அடிச்சிருக்கலாமேய்யா" என்றார். பிறகு, வாசித்ததற்குச் சாட்சியாக, நான் நீட்டிய தாளில் விரல் ரேகை வைத்தார்.

இறங்கும்போது பாதி வழியில் அந்தப் பெண்ணைக் கண்டேன். தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் பிள்ளை, கம்பளை போகிறாள். என்னைப் பார்த்ததும் கட்டைப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போட்டுவிட்டு அதை மறைத்துக்கொண்டு நின்றாள். "போங்கம்மா, நான் ஒன்றும் செய்யமாட்டேன்" என்றேன். அவள் அசையவில்லை. பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் திருப்பம் தாண்டி மறையும்வரை அவள் கட்டைத் தூக்கவில்லை. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன், அப்படியேதான் நின்றாள்.

கண்டிக்கு வந்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் துரையிடம் சொன்னேன். அந்தச் சனங்கள் எதை நம்பி ஓடிவந்தார்கள் என்பதையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்ற எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து முழுவதையும் கேட்டார். "ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்களா?" என்று மறுபடி கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். மூடிய தோட்டங்களில் விளம்பரம் வாசிக்கப் போகிறவர்கள் எல்லாரும் இனிமேல் பெரட்டுத் தப்பு அடித்தே சனங்களைக் கூட்டவேண்டும் என்று உத்தரவு எழுதினார். என்னை நிரந்தரமாக்கிவிட்டார். அம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள்.

வேலைக்கு வர நினைக்கும் தம்பிமாருக்கு இனிச் சொல்ல மிச்சம் கொஞ்சம்தான். கரத்தைக்கு அறுபது சதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சாப்பாட்டைக் கம்பளையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். மலையில் யாரிடமும் கேட்டுச் சாப்பிடாதீர்கள், அவர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் நன்றாக வரவேண்டும். குரல் உரத்திருக்கவேண்டும். மனசு வேண்டியதில்லை. சம்பளம் மாதம் தவறாமல் வரும். வேண்டாம், வராதீர்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உங்கள் வீட்டு அடுப்பை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை எனக்கு மடுல்கெல்லப் பக்கம் பயணம், ஏழு தோட்டம். அங்கேயும் துரைமார் தேயிலை போட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்களாம். கூட்டத்துக்குக் குறைவிருக்காது.