நத்தம் ரோட்டில் உடைந்த பூசணிக்காய்

திண்டுக்கல்லிலிருந்து போர்ச்சுகல் கடற்கரை வரை பைக்கில் போகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, என் அண்ணன் மாட்டுக்கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து வண்டியின் ஹெட்லைட்டை அடித்து நொறுக்கினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னை ஓங்கி அறைந்தான். இருவருமே நாற்பதைத் தாண்டிய பிள்ளைகுட்டிக்காரர்கள். அண்ணி ஒரு குடம் தண்ணீரை எங்கள் தலையில் கொட்டிய பிறகுதான் பிடியை விட்டோம்.

"போறதுன்னா போடா. என் சாவுக்கு வராத," என்றான்.

எங்கள் வீட்டில் பாசம் இப்படித்தான் வெளியே வரும். அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவன் அவன். அவன் வாயால் 'போயிட்டு வா' என்று சொல்லாமல் நான் வீட்டுப் படி இறங்க முடியாது. போகாமலும் இருக்க முடியாது. அந்த வருடம் முழுக்க என்னை அரித்தது இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் உடம்பு படுகிற பாடு. நீண்ட பயணத்துக்கு உடம்பைப் பழக்க, என் பேட்டரிக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே கிளம்பி பெங்களூர் வரை போய், தங்காமல் திரும்புவேன். நாலுவழிச் சாலையில் லாரிக்காரன் ஓரத்துக்குத் தள்ளுவான். இருட்டில் நாய் குறுக்கே பாயும். ஒருமுறை கொடைரோட்டுப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போன இடத்தில், எதிர்த்திசையில் ஏறிவந்த ஆட்டோக்காரனோடு கைகலப்பாகி, மூக்கில் ரத்தத்தோடு வீடு வந்தேன். அண்ணன் பார்த்தான். சில நாள் கழித்து, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த கனமான கிராஷ் கார்டு ஒன்றைக் கொண்டுவந்து, தானே என் வண்டியில் மாட்டினான்.

கிளம்பும் காலையில் பெரிய பூசணிக்காயோடு வந்து நின்றவனும் அவன்தான். சூடத்தை ஏற்றி என்னையும் வண்டியையும் சுற்றினான். "போயிட்டு வாடா அப்பு," என்றான். பிறகு நடுரோட்டுக்குப் போய், ஒரு வருடக் கோபத்தையும் சேர்த்துக் காயைப் போட்டு உடைத்தான். குங்குமம் கலந்த சதை ரோடு முழுக்கத் தெறித்தது. கழித்த திருஷ்டியை யாரும் தொடக்கூடாது, உடைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அதைக் கூட்டி அள்ள எங்கள் பக்கத்தில் எவனுக்கும் தைரியம் வராது. எங்கள் வீடோ நத்தம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. சாணார்பட்டிப் பக்கத்துப் பூ வண்டிகள் மார்க்கெட்டுக்குப் பறக்கிற நேரம் அது.

நூறடி போயிருப்பேன். பின்னால் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மல்லிகை மூட்டையோடு வந்த ஒரு பைக் அந்தச் சதையில் வழுக்கிச் சாய்ந்து, ஓட்டிவந்தவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. முழங்காலுக்குக் கீழே அவர் கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. கூடவே வந்த அவருடைய சொந்தக்காரர்கள் வண்டிகளைப் போட்டுவிட்டு, "எவன்டா உடைச்சது?" என்று கத்தினார்கள்.

அண்ணன் வாசலுக்கு வந்தான். "நாந்தான்," என்றான். அடி இடியாக இறங்கியது. தன் மேல் ஒருத்தனைக் கைவைக்க விடாதவன், அன்றைக்குக் கையைத் தூக்கவே இல்லை. கீழே கிடக்கிற மனுஷனையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் திரும்பி ஓடிவருவதைக் கண்டதும்தான் வாயைத் திறந்தான். "ஏலே, நீ வராத. போ."

போவேனா? கைக்குக் கிடைத்தவன் வாயில் குத்தினேன். அவனுக்குப் பல் விழுந்தது. அதற்குள் இன்னொருவன் ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணன் முகத்தில் வீசி அடித்தான். அது இடது கண்ணில் பட்டது.

பூக்காரருக்குக் காலில் கம்பி வைத்தார்கள். அண்ணனுக்குக் கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து கேட்டபோது அண்ணன், "பூசணிக்கா சதையில வழுக்கி நானே விழுந்துட்டேன்," என்று சாதித்தான். நாங்கள் கேஸ் கொடுத்தால் அவர்கள் என் மேல் கொடுப்பார்கள். அது தீருகிற வரை நான் நாட்டை விட்டு நகர முடியாது. அவன் கணக்கு அதுதான். பயணமும் வேண்டாம், மயிரும் வேண்டாம், அந்த ஹெல்மெட்காரனை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று ஆஸ்பத்திரியிலேயே குதித்தேன். கட்டுப் போட்ட முகத்தோடு எழுந்து என் கழுத்தைப் பிடித்தான்.

"நீ போகலைன்னா எனக்குக் கண்ணு எதுக்குடா போச்சு?"

போனேன். மும்பையில் வண்டியைக் கப்பலேற்றி, துபாயில் இறக்கி, மறுபடி கப்பலில் ஈரானுக்குக் கடந்து அங்கிருந்து ஓட்டினேன். பாலைக்காற்று வண்டியோடு என்னைச் சாலைக்கு வெளியே தூக்கி எறிந்தது. துருக்கி மலையில் ஆலங்கட்டி மழை கைவிரல்களை அடித்து வீங்க வைத்தது. உள்ளே இருந்த வெறிக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஹெல்மெட்டுக்குள் அந்தப் பயலைத் தினமும் வாய்விட்டுத் திட்டினேன், தினமும் அவன் முகத்தை உடைத்தேன். ஒரு நாட்டையும் நான் ரசித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அண்ணன் ஒற்றைக் கண்ணோடு ஊரில் கிடக்கும்போது எனக்கென்ன வேடிக்கை என்றுதான் இருந்தது.

போர்ச்சுகலில் தரை முடிகிற பாறை மேல் வண்டியை நிறுத்தி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். போனை முகத்துக்கு நேரே பிடித்தவன், பிறகு வலது கண் பக்கம் நகர்த்திக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"அழுவாத. கடலைக் காட்டு," என்றான்.

திருப்பிக் காட்டினேன். கீழே அலை பாறையை அறைந்துகொண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாண்ணே."

அவன் போனைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான். பிறகு, "சரி, செத்த நேரம் அப்படியே பிடி," என்றான். கை கடுக்கிற வரை போனைக் கடலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.