நாத்தனாருக்கு ஒரு கதவு

நாற்பத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்தொரு பேர் அந்த வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். அதில் ஒன்பது பேர் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார்கள். வீடு இன்னும் கட்டப்படவில்லை.

தையல் கம்பெனியின் கட்டிங் ஹாலில், பழைய மேசையைத் தூக்கிவிட்டுப் புது மெஷினுக்காகக் காலியாக வைத்திருந்த மூலையில், தரையில், துணியில் குறி போடும் சாக்கட்டியால் போட்ட வீடு அது. போட்டவள் கத்திரியக்கா. கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து துணி வெட்டுகிறாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்தாலும் அவள் கத்தி கோட்டை விட்டு ஒரு நூல் விலகாது. அவளே சாக்கட்டியைப் பிடித்து வீடு போடுகிறாள் என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

ஏன் போட்டாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் குடியிருப்பது வாடகைக்கு ஒரு மாடிப் போர்ஷன். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஆள் திரும்பினால் பாத்திரம் விழுகிற ஒரு சமையல்கட்டு. படுக்கையறையில் கத்திரியக்காவும் பள்ளி வேன் ஓட்டுகிற அவள் புருஷனும் மகளும். ஹாலில் நாத்தனார். அதாவது வேன்காரரின் அக்காள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவர். ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி டூட்டி. காலையில் வந்து, ஹாலின் குறுக்கே கட்டியிருக்கும் பழைய படுக்கை விரிப்புக்குப் பின்னால் படுப்பார். படுப்பார் என்றுதான் சொல்ல முடியும், தூங்குவார் என்று சொல்ல முடியாது. குக்கர் கத்தும். கேஸ்காரன் கதவைத் தட்டுவான். ஞாயிற்றுக்கிழமை டிவி அலறும். கத்திரியக்கா தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நுனிக்காலில் நடப்பாள். அப்படியும் ஒரு கரண்டி கீழே விழும். விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். திட்டு வராது. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று கத்திரியக்காவுக்குத் தோன்றும்.

ராத்திரி வேலை பார்க்கிறவருக்குப் பகல்தான் ராத்திரி. அந்த ராத்திரியை ஊரே சேர்ந்து திருடுகிறது. இதற்குப் பெயர் குடும்பம் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

வீடு வாங்கலாம் என்று பேச்சு எழுந்தபோது முன்பணத்தில் பாதியைத் தருவதாக நாத்தனாரே சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“எனக்கு ஒரு கதவு வேணும். உள்ள போனா சாத்திக்கணும். அவ்வளவுதான். ஜன்னல் கூட வேணாம்.”

தேடியதில் கட்டுப்படியான விலைக்கு ஒன்றே ஒன்றுதான் தேறியது. ஊர்க்கோடியில் தூண் மட்டும் எழும்பி நிற்கிற ஒரு கட்டடம், அதில் மூன்றாம் மாடி. விற்பனை ஆபீசில் வரைபடத்தைக் காட்டினார்கள். ஹால், சமையலறை, படுக்கையறை, அதை ஒட்டி ஏழரைக்கு ஆறு என்று எழுதிய ஒரு குட்டி அறை. எல்லாவற்றிலும் கட்டில், நாற்காலி எல்லாம் வரைந்திருந்தது. கத்திரியக்கா அதைப் பார்த்துவிட்டு வேன்காரரின் காதில், இந்தக் கட்டிலில் பொம்மை கூட முழங்காலை மடக்கித்தான் படுக்கும் என்றாள். காகிதத்தை அவள் நம்புவதில்லை. சட்டையானாலும் சரி, வீடானாலும் சரி, முழு அளவில் தரையில் விரித்தால்தான் அவள் கண்ணுக்குப் பிடிபடும். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், வேறு இரண்டு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். அது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் சாக்கட்டி, நூல், நீள அளவுகோல் மூன்றையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கால்மணி நேரத்தில் வீடு எழும்பிவிட்டது. முதலில் உள்ளே வந்தது பேக்கிங் செக்‌ஷன் பெண். வாய் மூடாத ஆள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கோட்டைத் தாண்டிக் குறுக்கே வந்தவளைப் பார்த்து, “ஏய், சுவத்துக்குள்ள பூந்து வர்ற, பேயா நீ? வாசல் அந்தப் பக்கம்” என்றாள் கத்திரியக்கா. ரேடியோ பின்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத மணியை அழுத்திவிட்டு வந்தாள். அவ்வளவுதான், கட்டிங் ஹால் முழுக்க வரிசையில் நின்றது. ஒருத்தி குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் வரவில்லையே என்று புகார் சொன்னாள். பேக்கிங் கூட்டம் சாப்பாட்டு டப்பாக்களோடு சமையலறையை ஆக்கிரமித்தது. இஸ்திரி போடுகிற அண்ணன் குளியலறைக்குள் நின்று, யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார். வீட்டுக்காரி வாடகை எவ்வளவு கேட்கிறாள் என்று சூப்பர்வைசர் கூட எட்டிப் பார்த்தார்.

கத்திரியக்காவின் கண் குட்டி அறை மேலேயே இருந்தது. நாத்தனாரின் கட்டில் ஆறேகால் அடி நீளம், மூன்றடி அகலம். அந்த அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கினாள். ஒரு ஓரமாகக் கட்டில் உட்கார்ந்தது. பக்கத்தில் மூன்றடி மிச்சம். இரண்டரை அடி அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டிக் கதவாக வைத்துத் திறந்தாள். இடிக்கவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணமில்லாமல் நாலைந்து தடவை திறந்து மூடினாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போன வேகத்தில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பிடித்து, நாளைக்கு மத்தியானம் கம்பெனிக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தூங்கும் இடத்தைப் பார்க்க வரச் சொல்கிறாயே என்றார் அவர். ஆனாலும் வந்தார். வேனில் தம்பி கொண்டுவந்து இறக்கினார். ஆஸ்பத்திரி உடுப்புக்கூட மாற்றவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தது. மணி அழுத்தி, செருப்பைக் கழற்றி, வாசல் வழியாக வந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. குட்டி அறைக்குப் போய், அட்டைக் கட்டிலில் மெல்ல நீட்டிப் படுத்தார். கண்ணை மூடினார்.

ரேடியோவே நின்றுபோனது.

ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பக்கமும் உங்க மூஞ்சிதான் தெரியுது.”

சுவர்தானே, இதோ என்றார் இஸ்திரி அண்ணன். துணி ரோல்கள் சுவரோரம் சாத்தி நின்றன, ஒவ்வொன்றும் தோள் உயரம். கீழே பிளாஸ்டிக் விரித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் சூப்பர்வைசர். பத்துப் பேர் தூக்கி வந்து கோட்டோரமாக நிறுத்த ஆரம்பித்தார்கள். கோட்டுக்கு வெளியே நிறுத்தப் போனால் பேக்கிங் கூட்டம், எங்கள் சமையல்கட்டில் கை வைக்காதே என்று டப்பாவோடு மறித்தது. மற்ற பக்கம் படிக்கட்டு, வெட்டவெளி; ஹாலைத் தொட யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே எல்லா ரோலும் கோட்டுக்கு உள்ளே நின்றது. சுவர் நெருங்க நெருங்க உள்ளே இருட்டு கூடியது. கடைசி ரோலை நிறுத்த இடமில்லாமல் அட்டைக் கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, என் கால் ஹாலுக்குப் போயிடுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். கத்திரியக்கா சிரிக்கவில்லை. அட்டைக் கதவைத் தூக்கி வந்து வைத்துப் பார்த்தாள். கட்டிலில் போய் முட்டி நின்றது. ஒரு ரோலின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை வருஷம் அவள் வாழ்ந்தது துணியோடு. துணியில் கோடு என்றால் கோடுதான், அதன் மேல் கத்தி ஓடும், இந்தப் பக்கம் சட்டையின் கை, அந்தப் பக்கம் சட்டையின் உடம்பு. கோட்டுக்குக் கனம் கிடையாது. சுவருக்கு உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அங்கேயே விற்பனை ஆபீசுக்குப் போன் போட்டாள். வரைபடத்தில் இருக்கும் அளவு சுவரையும் சேர்த்துத்தான் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் ஆறு. கத்திரியக்கா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். நீளத்தில் மிஞ்சுவது ஆறேகால் அடி. கட்டிலும் ஆறேகால் அடி. சுத்தியலால் அடித்துத்தான் கட்டிலை இறக்க வேண்டும். பக்கத்தில் இருபத்தொரு அங்குலம். கதவு திறக்காது. திறக்காத கதவுக்குப் பெயரும் சுவர்தான்.

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தார். உடுப்பில் ஒட்டிய அட்டைத் தூசியைத் தட்டினார்.

“விடும்மா. விரிப்பே பழகிப்போச்சு. ஹால்ல ஒரு மூலை குடு, போதும். வீட்டை விட்டுடாதீங்க.”

பாதிப் பணம் போடுகிறவர் மூலையைக் கேட்கிறார். அதையும் கெஞ்சுகிற மாதிரி கேட்கிறார். வேண்டாம் அண்ணி, வேறு வீடு பார்க்கலாம் என்று சொல்லக் கத்திரியக்கா வாயைத் திறந்தாள். வேறு வீடு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதுவரை டீ டம்ளரோடு மெஷின் பக்கம் நின்றிருந்த வேன்காரர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். ஹால் பக்கச் சுவராக நின்ற ஒரு ரோலைக் கட்டிப் பிடித்தார். ஹாலுக்குள் ஓரடி நகர்த்தினார். அடுத்த ரோலைப் பிடித்தார்.

“டேய், அது உன் ஹால்டா” என்றார் அக்காள். “பெரிய டிவி வைக்கணும்னியே.”

“டிவிக்குத் தூக்கமா வரும்? சின்னதா வாங்கிக்கலாம். நீ படு, கால் இடிக்குதான்னு பாரு.”

பிறகு யார் கையும் சும்மா இருக்கவில்லை. இஸ்திரி அண்ணன் ஒரு ரோல், ரேடியோ ஒரு ரோல். போதும் என்று ஒரு கட்சி, இன்னும் அரையடி தள்ளு என்று ஒரு கட்சி. வீட்டுக்காரர்களைக் கேட்காமலே அவர்களுக்குள் சண்டை. கதவு சுற்றும்வரை தள்ளினார்கள். மூன்றடி தள்ளியதும் கதவு தாராளமாகச் சுற்றியது. நடுவில் சேலை மாற்ற இடம் வேண்டாமா என்று ரேடியோ உள்ளே போய் நின்று கையை வீசிக் காட்டினாள். மணி அடித்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் ஆள் நகர்ந்தது.

ஆனால் ரோலை நகர்த்துவது வேறு, கட்டடக்காரனை நகர்த்துவது வேறு. வெள்ளிக்கிழமை முழுக்க கத்திரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பயமா ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமை மூவரும் நேராகக் கட்டடத்துக்கே போனார்கள். மூன்றாம் மாடியில் வெறும் தளம், தூண்கள், வெளிச்சுவரில் ஜன்னலுக்கு விட்ட ஓட்டைகள். உள்சுவர் ஒன்றும் எழும்பவில்லை. கல் திங்கட்கிழமை வருகிறது என்றார் தலைக்கவசம் போட்ட சைட் இன்ஜினியர். கத்திரியக்கா பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். அவர் வரைபடத்தை விரித்து எங்கெங்கே சுவர் என்று காட்டக் காட்ட, அவள் கோடு போட்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு.

ஹாலுக்கும் குட்டி அறைக்கும் நடுவில் வருகிற சுவரை மூன்றடி தள்ள முடியுமா என்று கேட்டாள்.

அது பாரம் தாங்குகிற சுவரில்லை, தள்ளலாம் என்றார் அவர். மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அவர் வெளிச்சுவர்ப் பக்கம் போய் ஜன்னல் ஓட்டையில் கை வைத்தார்.

“ஆனா மூணடி முடியாதும்மா. சுவர் ஜன்னல் மேல போய் உக்காந்துடும். ரெண்டே முக்கால். அதுக்கு மேல ஒரு அங்குலம் கிடையாது.”

மூன்று அங்குலம் போச்சு. கத்திரியக்கா ரெண்டே முக்கால் அடியில் புதிதாக இரண்டு கோடு போட்டாள். நாத்தனார் யாரும் சொல்லாமலே உள்ளே போய், கைப்பையைத் தலைக்கு வைத்து, சிமெண்டுத் தளத்தில் கட்டிலுக்குப் போட்ட கோட்டுக்குள் படுத்துவிட்டார். வேன்காரர் கொத்தனாரிடம் கேட்டு ஒரு பலகை வாங்கி வந்தார். கத்திரியக்கா அளந்து பார்த்து, இரண்டரை அடியில் குறி வைத்து அறுக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை நிமிர்த்திப் பிடித்து, கீல் இருக்க வேண்டிய இடத்தில் நின்று, மெதுவாக உள்பக்கம் சுற்றினார். பலகையின் முனை அக்காளின் உள்ளங்காலை நோக்கி வந்தது. கத்திரியக்கா குனிந்து கன்னம் தரையில் படப் பார்த்தாள். முனை காலைத் தொடாமல் தாண்டிப் போனது.

“போகுது அண்ணி! போகுது!”

“தெரியுது, காத்து வந்துச்சு” என்றார் நாத்தனார் கண்ணைத் திறக்காமல். “டேய், இப்ப சாத்து.”

தம்பி சாத்தினார். அவரும் கத்திரியக்காவும் இன்ஜினியரும் வெளியே நின்றார்கள். கீழே கம்பி வெட்டுகிற சத்தம், கலவை மெஷின் சத்தம், லாரி ஹாரன். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து பேச்சே வரவில்லை. கூப்பிடலாமா என்று வேன்காரர் சைகையில் கேட்டார். கத்திரியக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுவரை மாற்றி வரைந்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். அவளும் வைத்தாள். அறைக்குள் படுத்திருந்தவரின் கையெழுத்துக்கு இடம் விட்டாள். கடைசியாக, கட்டில் முனையிலிருந்து கதவு வரை எவ்வளவு என்று எழுதச் சொன்னார். அவள் அளந்து எழுதினாள்.

முப்பத்து மூன்று அங்குலம்.