சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல்

பதினான்காம் மதகில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த இரும்புச் சக்கரத்தை ஒரு பெண்ணால் சுற்ற முடியுமா என்று கால்வாய் அலுவலகத்தில் பந்தயமே கட்டினார்கள். முதல் நாளே சுற்றிக் காட்டிவிட்டு, "இன்னும் யாராவது பாக்கணுமா?" என்று கேட்டாள். அன்றோடு பேச்சு அடங்கியது. பத்தொன்பது வருஷமாக அந்த மதகு அவள் கையில்தான். ஊருக்கெல்லாம் அவள் மதகக்கா. தையல்காரரான கணவருக்கு மட்டும் 'மேடம்'.

மழை எட்டிப் பார்க்காத பூமி அது. எங்கோ மலையடியில் திருப்பிவிட்ட ஆறு, இருநூறு கிலோமீட்டர் சிமெண்ட் கால்வாயில் ஓடிவந்துதான் எல்லோருக்கும் சோறு போட்டது. மதகுக்கு மேலே வயல்கள். கீழே, கால்வாய் முடியும் இடத்தில், அதே தண்ணீரைக் குடிக்கும் நகரம்.

வருஷங்கள் போகப் போக வயல்களில் ஒரு தொல்லை முளைத்தது. பாய்ச்சிய நீர் மண்ணுக்கடியில் தேங்கி, உப்பை மேலே தள்ளியது. வயலோரமெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தது. தேங்கியதை வடிக்க ஆளாளுக்குக் குழி வெட்டினார்கள். குழி நிறைந்ததும், உப்பும் உரமும் பூச்சிமருந்தும் கலந்த அந்த நீரைப் பம்பு வைத்துக் கால்வாயிலேயே இறைத்தார்கள். முதலில் பம்பு வைத்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அலுவலகம் கொடுத்த உப்பு மீட்டரை வாளித் தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். சாதாரணமாக அறுநூறு. பம்பு ஓடும் நாட்களில் ஆயிரத்து எழுநூறு. பதினோரு மாதம் விடாமல் குறித்து, நோட்டை இன்ஜினியரிடம் கொண்டுபோனாள். நல்ல மனிதர்தான், பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"உப்புக்குன்னு நமக்கு விதி எதுவும் இல்லம்மா," என்றார் கடைசியில். "தண்ணி எவ்வளவு வருதுங்கறதுதான் நம்ம கணக்கு."

அவள் வாதாடவில்லை. விதிப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அட்டை கிழிந்த அதைக் கணவரின் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அகப்பட்டது: எந்தக் காரணத்தாலும் மதகின் கீழ்ப்பக்கம் நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், மதகுக்காரர் யாரையும் கேட்காமல் மதகை இறக்கலாம். பம்பு ஓடும் நாட்களில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்பதை, உப்போடு நீர்மட்டத்தையும் குறித்து வைத்திருந்த அவள் நோட்டே சொன்னது.

"மேடம் தனியா சிரிக்கிறீங்களே?" என்றார் கணவர்.

"விதி கிடைச்சிருச்சு."

அவசரப்படவில்லை. நகரத்துத் தொட்டியில் ஐந்து நாளுக்குத் தண்ணீர் இருப்பதைப் போன் செய்து உறுதிசெய்துகொண்டாள். அடுத்துப் பம்புச் சத்தம் கேட்ட அன்று, தண்ணீர் கோட்டைத் தாண்டியதும், கால்வாய் தொடங்கும் தலைமதகில் சொல்லி வரத்தைக் குறைக்கச் செய்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றி மதகை அடிவரை இறக்கினாள்.

கால்வாய் மேலே தேங்கியது. தேங்கியது வெடிப்பு விட்ட கரை வழியே கசிந்தது. அண்ணன் இறைத்ததெல்லாம் அண்ணன் வயலுக்கே திரும்பியது. மூன்றாம் நாள் அவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வயல் மெதக்குது. மதகைத் தூக்கு."

"பம்பை நிறுத்துண்ணே. தூக்கறேன்."

"கூடப் பொறந்தவன்கிட்டயே அதிகாரத்தைக் காட்டறியா?"

அவள் புத்தகத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, அங்கேயே நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டார். இன்ஜினியரும் இதற்குள் அலுவலகத்திலிருந்த இன்னொரு பிரதியில் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார். உங்கள் தங்கை செய்தது சரி என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"சரி, வேற எங்கதான் ஊத்தறது? நீயே சொல்லு."

நியாயமான கேள்வி. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வயல்களுக்குக் கிழக்கே, முள்ளும் முளைக்காத ஒரு பெரிய பள்ளம். ஊரும் கிணறும் இல்லாத இடம். லீவு நாட்களில் சர்வேயரை இழுத்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்து அளந்திருந்தாள்.

"சரிவு அந்தப் பக்கந்தான். ஓடை வெட்டினா தானா ஓடும். பம்பே வேணாம், டீசலும் வேணாம்."

டீசல் என்றதும் அவர் தலை நிமிர்ந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன். நீ டிவி பாத்துட்டிருந்த."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்து பம்பை நிறுத்தச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மற்ற பம்புகளும் நின்றன. அவள் மதகைத் தூக்கினாள்.

ஓடை வெட்ட அலுவலகம் மண்வெட்டும் இயந்திரம் கொடுத்தது. அடுத்த இரண்டு மாதமும் பிகு செய்த பங்காளிகளை வீடு வீடாகப் போய் இழுத்துவந்தவர் அண்ணன்தான். கேட்டால், யோசனையே தன்னுடையது என்பார்.

ஓடை ஓடத் தொடங்கிய வாரமே மீட்டர் அறுநூற்று இருபதுக்கு இறங்கியது. அண்ணன் வயலில் இரண்டு ஏக்கர் மட்டும் இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. அது தேற நான்கைந்து வருஷம் ஆகும் என்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் இந்தப் பருவம் பார்லி முளைத்திருக்கிறது. அதைக் காட்டத்தான் போன வாரம் தங்கையை மோட்டார்சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப்போனார்.